புதிய பதிப்பும் பழைய மேசையும்

மாலை நேரத்தில் ஐந்து நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதையை நடத்துகிறார். ஏனையோர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் கள்வனாகவும் துறவியாகவும் பாத்திரம் ஏற்கின்றனர். “கதவு பூட்டியிருக்கிறது. என்ன செய்கிறாய்?” என்று நடத்துநர் கேட்கிறார். “உடைக்கிறேன்” என்கிறான் வீரன். பகடை உருள்கிறது. விழுந்த எண்ணுக்கேற்பக் கதவு திறக்கிறது. அல்லது தோள்தான் வலிக்கிறது. இதுவே மேசையில் ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டு. முன்னரே எழுதி முடிக்கப்பெற்ற நாடகம் அன்று இது. ஆடுவோர் ஆடும்போதே ஆக்கிக்கொள்ளும் நாடகம்.

இவ்விளையாட்டுக்கு வேண்டிய பொருள்கள் மிகச் சிலவே. விதிநூல் ஒன்று, தாள், எழுதுகோல், பகடை ஆகியவை போதும். ஆயினும் இவை அனைத்தினும் கிடைத்தற்கரியது ஒன்று உண்டு. ஒரே விதியை அறிந்தவராய், ஒரே நாளில் ஓரிடத்தில் கூடக்கூடியவராய் நண்பர் நால்வர் அமைய வேண்டும். நூலைக் கடையில் வாங்கிவிடலாம். நண்பரை வாங்க இயலாது. இந்தச் சிறிய உண்மைக்குள்தான் இவ்விளையாட்டுலகின் ஐம்பதாண்டுக் காலப் போட்டி முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

முந்தியவரின் வலிமை

சிற்றுருவங்களைக் களத்தில் நிறுத்திப் போர் ஆடும் வழக்கம் மேலை நாடுகளில் நெடுநாளாக இருந்து வந்தது. ஒரு படை முழுவதையும் நடத்துவதற்கு மாறாக, ஒரே ஒரு வீரனின் வாழ்வை ஒருவர் ஏற்று நடத்தினால் என்ன என்ற எண்ணத்தை, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவ் ஆர்னசன் தம் நண்பர்களோடு ஆடிப் பார்த்தார். விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிறு நகரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் அவருடன் சேர்ந்து அதற்கு நூல்வடிவம் தந்தார். 1974ஆம் ஆண்டில், மூன்று சிறு நூல்களைக் கொண்ட ஒரு பெட்டியாக, ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. முதலில் அச்சிடப்பெற்றவை 1000 படிகளே. அவை ஏறத்தாழ ஓராண்டில் விற்றுத் தீர்ந்தன.

அந்நூல்களின் நடை தெளிவானதன்று. விதிகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. புதியவர் படித்துத் தாமே புரிந்துகொள்வது அரிதாயிருந்தது. எனினும் அவ்விளையாட்டு வேரூன்றிவிட்டது. நன்றாக எழுதப்பட்டதால் அன்று, முதலில் எழுதப்பட்டதால். ஒருவர் மற்றொருவருக்குக் கற்பித்தார். அவர் தம் கல்லூரிக்கு அதனை எடுத்துச் சென்றார். ஓரூரில் கற்றவர் வேற்றூருக்குக் குடிபெயர்ந்தால், அங்கும் அதே விதியில் ஆடும் ஒரு மேசை இருக்கக் கண்டார்.

இவ்வகையில் விளையாட்டு, மொழியைப் போன்றது. பேசுவோர் மிகுந்த மொழியைக் கற்க மேலும் பலர் வருகின்றனர். பேசுவோர் குறைந்த மொழியில் எத்துணைச் சிறந்த நூல் இருப்பினும், அதனைக் கூடியிருந்து சுவைக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஆலமரத்தின் அடியில் வேறு மரம் தழைப்பது அரிது என்பர். ஆலமரம் வேண்டுமென்றே பிற செடியை அழிப்பதில்லை. அதன் நிழலே போதுமானதாக இருக்கிறது.

நிழலுக்கு வெளியே முளைத்தவை

எனினும் போட்டியாளர் தோன்றாமல் இல்லை. தொடக்க ஆண்டுகளிலேயே அவர்கள் மூன்று வழிகளைக் கண்டனர்.

முதல் வழி எளிமை. அரிசோனா மாநிலத்து நூலகரான கென் செயின்ட் ஆண்ட்ரே 1975இல் ‘டன்னல்ஸ் அண்ட் டிரோல்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார். முந்தைய விளையாட்டுக்கு இருபது முகம், எட்டு முகம் என்று பலவகைப் பகடைகள் தேவைப்பட்டன. அவை அந்நாளில் எளிதில் கிடைப்பனவாக இல்லை. இவரோ எந்த வீட்டிலும் கிடைக்கும் ஆறுமுகப் பகடையே போதும் என்றார். இரண்டாம் வழி செம்மை. 1978இல் ஸ்டீவ் பெரினும் துணைவரும் ஆக்கிய ‘ரூன்குவெஸ்ட்’, கிரெக் ஸ்டாஃபோர்ட் கற்பனை செய்த குளோராந்தா என்னும் உலகைக் களமாகக் கொண்டது. வீரன், மந்திரவாதி என்று ஆளை வகைப்படுத்திப் பூட்டி வைக்காமல், ஒருவன் எதைப் பயில்கிறானோ அதில் அவன் திறன் வளரும் என்று அது விதித்தது. மூன்றாம் வழி வேற்றுக் களம். 1977இல் வந்த ‘டிராவலர்’ விண்வெளிக்குச் சென்றது. 1981இல் சாண்டி பீட்டர்சன் ஆக்கிய ‘கால் ஆஃப் கதுலு’, வீரம் பயன்படாத அச்சத்தின் உலகிற்கு ஆடுவோரை அழைத்துச் சென்றது.

இம்மூன்றனுள் நெடுநாள் நிலைத்த பெருமை மூன்றாம் வழிக்கே மிகுதி. மலையோடு மோதியவரைவிட, மலையைச் சுற்றி நடந்தவரே நெடுந்தொலைவு சென்றனர்.

நான்காவதாக ஒரு வழியும் இருந்தது. அதனை அமெரிக்கர் காணவில்லை. பிற நாட்டார் கண்டனர். ஜெர்மனியில் உல்ரிக் கீசோ என்பவர், அமெரிக்க விளையாட்டுகளைத் தம் மொழிக்குப் பெயர்த்துப் பழகியவர். அவர் 1984இல் ‘கருங்கண்’ என்று பொருள்படும் பெயருடைய ஒரு விளையாட்டைத் தம் தாய்மொழியிலேயே ஆக்கினார். பொம்மை விளையாட்டுகளை விற்ற நிறுவனமும் நூல் பதிப்பகமும் சேர்ந்து அதனைப் பொதுமக்கள் செல்லும் கடைகளுக்கெல்லாம் கொண்டு சென்றன. ஜெர்மானிய மொழி பேசும் நாடுகளில் அதுவே பெருவழக்குப் பெற்றது. சப்பானில் 1989இல் வந்த ‘சோர்ட் வேர்ல்ட்’, சட்டைப்பையில் அடங்கும் மலிவுவிலை நூலாக வெளிவந்தது. ஆறுமுகப் பகடை இரண்டே அதற்குப் போதும். பள்ளி மாணவரும் வாங்கக் கூடிய விலையில், அவர்கள் படிக்கும் மொழியில், அவர்கள் செல்லும் புத்தகக் கடையில் அது கிடைத்தது. அமெரிக்க நிழல் அவ்வளவு தொலைவு நீளவில்லை.

தன் நிழலோடு போட்டி

பள்ளிப் பாடநூலுக்குப் புதிய பதிப்பு வருமாயின், பிழைகள் திருத்தப்பட்டிருக்கும். சில பாடங்கள் கூடியோ குறைந்தோ இருக்கும். பழைய பதிப்பை அடுத்த ஆண்டு எவரும் நாடுவதில்லை. விளையாட்டு நூலின் புதிய பதிப்போ அத்தகையதன்று. அது நாட்டின் சட்டத்தையே மாற்றி எழுதுவது போன்றது. நேற்றுவரை மந்திரவாதிக்கு இருந்த ஆற்றல் இன்று இராது. நேற்று கூட்டிய எண்ணை இன்று கழிக்க வேண்டும்.

ஆனால் பழைய நூல் தேய்ந்து போவதில்லை. உண்ணும் பண்டத்தைப் போலத் தீர்ந்து போவதுமில்லை. அலமாரியில் இருக்கும் அந்நூலை எடுத்து இன்னும் இருபதாண்டு ஆடலாம். ஆகவே புதிய பதிப்பை வெளியிடும் நிறுவனத்துக்கு முதல் எதிரி வெளியில் இல்லை. அதன் வாடிக்கையாளரின் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. மத்தளத்துக்கு இருபக்கமும் இடி என்பது போல, புதிய பதிப்பை ஒரு பக்கம் பிற நிறுவனத்தாரும் மறுபக்கம் தன் பழைய பதிப்பும் தாக்குகின்றன.

இவ்வுண்மையை நன்கு காட்டிய நிகழ்ச்சிகள் 2000ஆம் ஆண்டில் தொடங்கின. கைகாக்ஸ் முதலானோர் நிறுவிய டி.எஸ்.ஆர். நிறுவனம் கடனில் மூழ்கி, 1997இல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. 1999இல் அந்நிறுவனத்தை ஹாஸ்ப்ரோ வாங்கியது. மறு ஆண்டு மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. அதனோடு ‘திறந்த விளையாட்டு உரிமம்’ ஒன்றும் வழங்கப்பட்டது. விளையாட்டின் அடிப்படை விதிகளை எவரும் எடுத்தாண்டு, தம் கதைகளையும் நூல்களையும் வெளியிட்டு விற்கலாம். அதற்குக் கட்டணமும் வேண்டியதில்லை என்று அவ்வுரிமம் கூறியது.

வணிகர் ஒருவர் தம் சரக்கைப் பிறர் ஆள விடுவது மேலோட்டமாகப் பார்க்கையில் பேதைமையாகத் தோன்றும். ஆனால் இதனை வகுத்த ரையன் டான்சியின் கணக்கு நுட்பமானது. எல்லாரும் தம் விதியையே பின்பற்றி நூல் எழுதினால், அந்நூலை வாங்குவோர் அனைவரும் மூலநூலையும் வாங்கியாக வேண்டும். போட்டியாளர் அனைவரும் ஒரே மரத்தில் கிளைகளாகிவிடுவர். கணக்கு பலித்தது. நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் அவ்விதியில் நூல்களை வெளியிட்டன. இவ்வாறு ஒரு விளையாட்டு, பலருடைய பிழைப்புக்கும் நிலமாயிற்று. அந்நிலம் ஒரு வாக்கின்மேல் நின்றது என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கைவிடப்பட்டவரைக் கூட்டியவர்

அச்சிறு நிறுவனங்களுள் ஒன்று, 2002இல் லிசா ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி தொடங்கிய பைசோ. மூல நிறுவனத்தின் ‘டிராகன்’, ‘டன்ஜன்’ என்னும் இரு இதழ்களையும் உரிமம் பெற்று அது வெளியிட்டு வந்தது. 2007இல் அவ்வுரிமம் நீட்டிக்கப்படவில்லை. இரு இதழ்களும் அச்சில் நின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் நான்காம் பதிப்பு வரப்போவதாக அறிவிப்பு வெளியாயிற்று. 2008 ஜூனில் நூலும் வந்தது.

நான்காம் பதிப்பு தகுதியற்ற நூல் அன்று. வீரனும் மந்திரவாதியும் ஒருவருக்கொருவர் சளைக்காதவாறு அது ஆற்றல்களைச் சீராகப் பங்கிட்டது. நடத்துநரின் சுமையையும் குறைத்தது. அதனைப் போற்றுவோர் இன்றும் உளர். ஆயினும் அது பழையவற்றோடு பெரிதும் உறவு அறுத்துக்கொண்டது. எட்டாண்டுகளாகச் சேர்த்த நூல்கள் இனிப் பயன்படா என்று அறிந்த ஆட்டக்காரர் பலர் மனம் நொந்தனர். புதிய பதிப்புக்கு வேறோர் உரிமம் வகுக்கப்பட்டது; கட்டுப்பாடுகள் மிகுந்த அதனை ஏற்கச் சிறு நிறுவனத்தார் தயங்கினர். போதாக்குறைக்கு, 2009 ஏப்ரலில் மின்னூல் வடிவில் விற்கப்பட்ட பழைய நூல்களையும் அந்நிறுவனம் விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். பைசோ கையில் எடுத்த ஆயுதம், 2000ஆம் ஆண்டில் மூல நிறுவனமே கொடுத்த அந்த உரிமந்தான். 2008 மார்ச்சில் அது ஓர் அறிவிப்பை விடுத்தது. மூன்றாம் பதிப்பின் விதிகளைக் கைவிடாமல், அவற்றின் குறை நீக்கி, ‘பாத்ஃபைண்டர்’ என்ற பெயரில் வெளியிடப் போவதாக அது கூறியது. ஜேசன் புல்மான் தலைமையில் விதிகள் ஆக்கப்பட்டன. அவற்றை அடைத்து வைத்து எழுதாமல், விலையின்றி வெள்ளோட்டம் விட்டனர். பல்லாயிரவர் அதைப் படித்து, ஆடி, குறை கூறி எழுதினர். 2009 ஆகஸ்டில் 576 பக்கங்களில் நூல் வெளிவந்தபோது, அது ஒரு நிறுவனத்தின் சரக்காக மட்டும் தோன்றவில்லை; தாமும் கைகொடுத்துக் கட்டிய வீடாக ஆடுவோர்க்குத் தோன்றிற்று. முதல் அச்சு விரைவில் தீர்ந்தது. 2011ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள், கடைக்காரரைக் கேட்டு வணிக இதழ் ஒன்று வெளியிட்ட தரவரிசையில் பாத்ஃபைண்டர் முதலிடத்தில் நின்றது.

இவ்வெற்றியின் மறைபொருள் எது? பாத்ஃபைண்டர் புதுமையால் வென்றதன்று. பழைமையைக் காத்ததால் வென்றது. உங்கள் அலமாரியில் உள்ள நூல்கள் வீணாகா என்று அது கூறிய சொல்லே அதன் பெரும் சரக்கு. முந்தியவர் தம் மேசையை விட்டு எழுந்து சென்றார். பிந்தியவர் அந்த நாற்காலியில் அமர்ந்துகொண்டார்.

பாடம் கற்ற பேரரசு

தோல்வியில் பாடம் கற்பவரை எளிதில் வெல்ல முடியாது. மூல நிறுவனம் தன் எதிரியின் முறையையே கைக்கொண்டது. 2012இல் அடுத்த பதிப்பின் விதிகளைப் பொதுமக்களின் வெள்ளோட்டத்துக்கு விட்டது. 175,000க்கும் மேற்பட்டோர் அதில் பங்கு கொண்டனர். 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு, பழைய பதிப்புகள் அனைத்தின் சுவையையும் சிறிது சிறிதாகத் தன்னுள் கொண்டிருந்தது. அடிப்படை விதிகள் விலையின்றி வழங்கப்பட்டன. நடிகர் சிலர் கூடி ஆடுவதை இணையத்தில் நேரடியாகக் காட்டிய ‘கிரிட்டிக்கல் ரோல்’ 2015இல் தொடங்கியது. பார்த்தவரும் ஆட விரும்பினர். முதலிடம் மீண்டும் பழைய கைக்கே சென்றது.

இப்போது பாத்ஃபைண்டருக்குப் பழைமை உதவவில்லை. பழையவரை அழைத்து வரும் வேலையை எதிரியே செய்துகொண்டிருந்தான். ஆகவே 2019இல் தன் இரண்டாம் பதிப்பை வேறு முறையில் ஆக்கியது. ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது மூன்று செயல்கள் செய்யலாம் என்ற தெளிவான விதி அதன் நடுத்தூண். ஐந்தாம் பதிப்பு எளிமையை நாடியது. இதுவோ நுணுக்கத்தை நாடுவோர்க்குரியதாயிற்று. அதனால் முதலிடம் கிட்டவில்லை. ஆனால் தனக்கென ஓரிடம் கிட்டியது. மலையைச் சுற்றி நடக்கும் பழைய பாடத்தை அது மீண்டும் கற்றது.

சொல் தவறிய நாள்

2023 ஜனவரி முதல் வாரத்தில், திறந்த உரிமத்துக்குப் பதிலாக வரவிருந்த புதிய உரிமத்தின் வரைவு வெளியே கசிந்தது. 2000ஆம் ஆண்டு உரிமம் இனிச் செல்லாது. ஆண்டுக்கு 750,000 டாலருக்கு மேல் விற்பனை உடையோர் பங்குத்தொகை செலுத்த வேண்டும் என்னும் கருத்துகள் அதில் இருந்தன. இருபத்து மூன்றாண்டுகளாக அந்த வாக்கை நம்பி வீடு கட்டியோர் திகைத்தனர். எழுத்தாளரும் ஓவியரும் அச்சகத்தாரும் தம் பிழைப்பு ஒரு தாளின்மேல் தொங்குவதை உணர்ந்தனர். ஆடுவோரும் வாளா இருக்கவில்லை. நிறுவனத்தின் இணையச் சேவைக்குச் செலுத்திய சந்தாவை நிறுத்திக்கொண்டனர்.

ஜனவரி 12ஆம் நாள், எந்த ஒரு நிறுவனத்தின் கையிலும் சிக்காத பொது உரிமம் ஒன்றைப் பிறருடன் சேர்ந்து ஆக்கப் போவதாகப் பைசோ அறிவித்தது. எட்டு மாதங்களுக்குப் போதும் என்று அச்சிட்டு வைத்திருந்த தன் விதிநூல்கள் இரண்டே வாரத்தில் விற்றதாகவும் பின்னர்த் தெரிவித்தது. ஜனவரி 27ஆம் நாள் மூல நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடுவதில்லை என்று உறுதி கூறியதோடு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை, மீட்டுக்கொள்ள இயலாத பொது உரிமத்தின் கீழ் வைத்துவிட்டது.

அப்போரில் எதிரி தந்த அடியைவிடத் தன் சொல்லே தந்த அடி பெரிது. எந்தப் போட்டியாளரும் பல ஆண்டுகள் விளம்பரம் செய்து பெற முடியாத வாடிக்கையாளரை, ஒரு வரைவுத் தாள் ஒரே மாதத்தில் எதிரியின் கடைக்கு அனுப்பி வைத்தது.

ஆயினும் பைசோவும் ஒன்றை உணர்ந்தது. இரவல் நகை எத்துணை அழகாயினும் இரவல் நகையே. உரிமையாளர் கேட்கும் நாள் வரும். 2023 நவம்பர் முதல், பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு திருத்தி வெளியிடப்பட்டது. நல்லோன், தீயோன் என்று பாத்திரத்தை முத்திரையிடும் முறை, மந்திரங்களை எட்டு வகையாகப் பிரிக்கும் முறை, நிறத்தால் வகுக்கப்பட்ட டிராகன்கள் முதலிய மரபுவழிச் சொத்துகள் கழற்றி வைக்கப்பட்டன. அவற்றுக்கு மாறாகத் தானே ஆக்கியவற்றை அது அணிந்துகொண்டது. முதல் வெற்றியைத் தந்த பழைமையைத் துறந்த பின்னரே அவ்விளையாட்டு முழு உரிமை பெற்றது எனலாம்.

முடிவுரை

2024இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தன் ஐம்பதாம் ஆண்டை நிறைவு செய்தது. அவ்வாண்டிலேயே ஐந்தாம் பதிப்பின் திருத்திய விதிநூலும் வெளிவந்தது. ஆலமரம் இன்னும் ஆலமரமாகவே நிற்கிறது. அதனைச் சுற்றிப் பல மரங்களும் நிற்கின்றன. அவற்றுள் சில, வேற்று நிலத்தைத் தேடிச் சென்றவை. சில, தம் மக்களின் மொழியில் வேர்விட்டவை. சில, ஆலமரம் உதிர்த்த விதையிலிருந்தே முளைத்தவை.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் உண்மை கடினமானதன்று. பெரியதை எதிர்ப்போர், அதனைப் போலவே பெரியதாக முயன்று வென்றதில்லை. அது எவரைக் கைவிட்டதோ அவரைக் கூட்டியபோதும், அது எங்கே செல்லவில்லையோ அங்கே சென்றபோதுமே வென்றனர். பெரியதும் பிறரால் வீழ்ந்ததில்லை. தன்னை நம்பியவரின் உழைப்பை மதியாதபோதும், கொடுத்த சொல்லைத் திரும்பப் பெற முயன்றபோதுமே தளர்ந்தது. செவிசாய்த்தபோது மீண்டும் நிமிர்ந்தது.

வணிகர் எத்தனை பதிப்புகளை வெளியிட்டாலும் தீர்ப்பு எழுதப்படுவது அவர்கள் அலுவலகத்தில் அன்று. எங்கோ ஒரு வீட்டில், மூலை மடங்கிய பழைய நூல் கிடக்கும் மேசையைச் சுற்றி நண்பர் ஐவர் அமர்கின்றனர். “இன்று எதை ஆடலாம்?” என்று ஒருவர் கேட்கிறார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்க்கின்றனர். அவர்கள் சொல்லும் விடையே தீர்ப்பு.